சிஸ்டம்ஸ் வேலைக்கு நேர்காணல் எடுக்கும் பெங்களூர் பொறியாளர்களுக்கு

அன்புள்ள அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

நான் தர்மபுரிக்காரன். மாரத்தஹள்ளியில் ஒரு பி.ஜி.யில் தங்கி வேலை தேடுகிறேன். போன வருடம் இங்கே ஒரு நிறுவனத்தின் ஸ்டோரேஜ் டிரைவர் (சேமிப்புக் கருவிகளை இயக்கும் மென்பொருள்) டீமில் ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் செய்தேன். அதில் மூன்று வாரம் ஒரே ஒரு பிழையின் பின்னால் அலைந்தேன்.

எத்தனை கோரிக்கை முடிந்தது என்று எண்ணும் ஒரு வேரியபிள், லோடு ஏறினால் மட்டும் குறைத்துக் காட்டியது. நடுவில் ஒரு பிரிண்ட்கே (கெர்னலுக்குள்ளிருந்து, அதாவது இயக்க முறைமையின் மையப் பகுதியிலிருந்து, செய்தி அச்சிடும் வரி) போட்டால் கணக்கு சரியாக வரும். எடுத்தால் மறுபடி தப்பும். சி மொழியில் ஒற்றை வரியாகத் தெரியும் ++ உள்ளுக்குள் மூன்று வேலை: மதிப்பை எடு, ஒன்று கூட்டு, திரும்ப வை. பிராசசரின் இரண்டு கோர்கள் ஒரே சமயத்தில் பழைய மதிப்பை எடுத்துவிட்டால் ஒரு கூட்டல் காணாமல் போய்விடும். பிரிண்ட்கே கொஞ்சம் நேரத்தை இழுத்ததால் அந்த மோதல் தள்ளிப்போயிருக்கிறது. கடைசியில் பார்த்தால், எரர் வரும் பாதையில் மட்டும் லாக் (ஒரு சமயத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) எடுக்காமல் விட்டிருந்தார்கள். திருத்தம் இரண்டே வரி. எனக்கு வழிகாட்டிய சேலத்து அண்ணன், "எப்படிக் கண்டுபிடிச்சேன்னு எழுதி வை தம்பி, வேலையே அதுதான்" என்றார்.

அப்புறம் நிரந்தர வேலைக்கு வேறு இடங்களில் நேர்காணலுக்குப் போனேன். ஒரே நாளில் நான்கு சுற்று, ஒவ்வொன்றும் 45 நிமிடம். எல்லாம் அல்காரிதம் கணக்குகள்: கிராஃப், டைனமிக் ப்ரோகிராமிங், மறுபடி கிராஃப். கெர்னல் டீமுக்கான நேர்காணலில் லாக் என்ற சொல்லே வரவில்லை. அந்த மூன்று வாரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். "சரி, நேரமில்லை, கணக்கைப் பார்ப்போம்" என்றார்கள். அது எனக்கு வலித்தது.

ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும்போது வடிகட்ட ஒரு பொதுத் தேர்வு வேண்டும், அது புரிகிறது. ஆனால் கடைசிச் சுற்றிலாவது எங்கள் வேலையைப் பாருங்கள். உடைந்த ஒரு ப்ரோகிராமும் அதன் கோர் டம்பும் (விழுந்த நொடியில் அதன் நினைவகத்தின் நகல்) கொடுத்து, பிழை தேடும் கருவியான ஜிடிபியைத் திறந்து வையுங்கள். கம்பெனி கோடைக் காட்ட முடியாதென்றால், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவர்களுக்காக எழுதிய எக்ஸ்வி6 இருக்கிறது. சின்ன கெர்னல், யாரும் படிக்கலாம். அதில் ஒரு லாக்கை எடுத்துவிட்டுத் தாருங்கள். ஸ்பின்லாக்கை (கிடைக்கும்வரை தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் லாக்) பிடித்துக்கொண்டே, தூங்கக்கூடிய முறையில் நினைவகம் கேட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். இரண்டு த்ரெட்கள் (ஒரே ப்ரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) தனித்தனி வேரியபிளில்தான் எழுதுகின்றன, ஆனாலும் வேகம் ஏன் விழுகிறது என்று கேளுங்கள். இரண்டு வேரியபிளும் ஒரே 64 பைட் கேஷ் லைனில் (பிராசசர் நினைவகத்திலிருந்து ஒரே மூச்சில் எடுத்து வைக்கும் துண்டு) உட்கார்ந்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிறவர் உங்களுக்கு வேண்டியவர். கட்டளைகளை விளக்கும் கையேடான மேன் பக்கங்களைப் பார்க்கவும் விடுங்கள். வேலையில் நீங்களும் பார்க்கிறீர்கள்தானே.

இன்னொன்று. இல்லை என்றால் இல்லை என்று ஒரு வரி அனுப்புங்கள். இரண்டு மாதமாக மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்க்கிறேன். ஊரில் அம்மா தினமும் கேட்கிறாள்.

அடுத்த வாரம் என் அறைத்தோழனுக்கு உங்களில் ஒருவரிடம் நேர்காணல். கிராஃப் கணக்கில் திணறுவான். அவன் கையில் ஒரு கோர் டம்பைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

அன்புடன்,
மாரத்தஹள்ளியிலிருந்து ஒரு முன்னாள் இன்டர்ன்