திரைப்படச் சங்கத்தின் ஆண்டறிக்கை: தொலைந்த ரீலும் நம் அலமாரியும்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு படம் என்ற வழக்கம் இந்த ஆண்டும் தவறவில்லை. மழையால் ஒரே ஒரு திரையிடல் மட்டும் ஒரு வாரம் தள்ளிப்போனது. செயற்குழு ஆறு முறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

அதிகக் கூட்டம் சேர்ந்தது மௌனப்பட நகைச்சுவை மாலைக்குத்தான். லாரல் - ஹார்டி நடித்து 1927இல் ஹால் ரோச் நிறுவனத்தில் தயாரான 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி'யைத் திரையிட்டோம். இரண்டே ரீல். அந்த ஆண்டு செப்டம்பரில் நடந்த டெம்ப்ஸி - டன்னி குத்துச்சண்டையைக் கிண்டலடித்துத் தொடங்கும் படம், ஒரு தெருவே 'பை' வீசி அடித்துக்கொள்வதில் போய் முடியும். அறிவிப்பைப் படித்துவிட்டு, துணிப்பையா என்று கேட்ட உறுப்பினருக்கு மறுபடியும் சொல்லிவிடுகிறேன்: அது க்ரீம் அப்பிய பலகாரம்.

இந்தப் படம் தொலைந்த விதம் விசித்திரமானது. 1957இல் ராபர்ட் யங்ஸன் பழைய நகைச்சுவைக் காட்சிகளைத் தொகுத்து எடுத்த படத்தில் அந்தச் சண்டையிலிருந்து சில நிமிடங்களைச் சேர்த்தார். பல ஆண்டுகள் உலகத்திடம் இருந்தது அவ்வளவுதான். முதல் ரீல் எழுபதுகளில் கிடைத்தது. முழு இரண்டாம் ரீல் 2015இல்தான் அகப்பட்டது. மௌனப்படங்களுக்கு இசை வாசிக்கும் ஜான் மிர்சாலிஸ், மறைந்த ஒரு சேகரிப்பாளரின் ரீல்களை மொத்தமாக வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது கையில் பட்டது. யங்ஸனிடம் இருந்த பிரதியேதான்! டப்பாவின் மேல் படத்தின் பெயர்கூட எழுதியிருந்ததாம். திறந்து ஓட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. இன்றும் நடுவில் ஒரு காப்பீட்டு ஏஜென்ட் காட்சி கிடைக்கவில்லை. அந்த இடத்தைப் புகைப்படங்களை வைத்து நிரப்பியிருக்கிறார்கள்.

நமக்கோ, தென்னிந்தியாவின் முதல் மௌனப்படமான நடராஜ முதலியாரின் 'கீசக வத'த்தில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. அமெரிக்காவிலும் நிலைமை ரொம்ப மேல் என்று சொல்ல முடியாது. 1912 முதல் 1929 வரை அங்கே வெளியான முழுநீள மௌனப்படங்கள் கிட்டத்தட்ட 11,000. அவற்றில் அசல் 35 மி.மீ. வடிவத்தில் முழுதாக மிஞ்சியவை 14 சதவீதம்தான் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

சரி, நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அந்த மாலைக்குப் பிறகு, வெட்கத்தோடு, நம் அலமாரியைத் திறந்தோம். பதிவேட்டில் 41 டப்பா, எண்ணினால் 38. இரண்டில் எழுதியிருந்தது ஒன்று, உள்ளே இருந்தது வேறு. ஐந்தில் மூடியைத் தூக்கியதுமே வினிகர் நெடி. அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கினால் அப்படித்தான் நாறும், அது பக்கத்து ரீலையும் விடாது. அவற்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். பதிவேட்டில் இந்தக் கோளாறு நான் செயலாளரான பிறகும் தொடர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

காணாத மூன்று டப்பாக்கள் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், எதுவும் கேட்க மாட்டோம், கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்