என் படுக்கையைச் சுமந்தவர்களுக்கு

கிறிஸ்து இயேசுவுக்குள் அன்பான சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்து கைகொடுத்த நண்பர்களுக்கும் என் தோத்திரங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. எழுத உட்காரும்போதெல்லாம் கை நின்றுபோனதற்குக் காரணம் ஒன்று உண்டு. நம் சபைகளில் நன்றி சொல்வதென்றால் அது சாட்சி சொல்வதாகத்தான் இருக்க வேண்டும் என்று பழகிவிட்டோம். சாட்சிக்கு ஒரு வார்ப்பு இருக்கிறது: நோய் வந்தது, ஜெபித்தோம், சுகம் கிடைத்தது, அல்லேலூயா. எனக்கு நேர்ந்தது அந்த வார்ப்புக்குள் அடங்காது. ஜெபித்தோம்; சுகம் கிடைக்கவில்லை. ஆகவே இதைச் சாட்சியாக எண்ணாமல், பட்ட கடனைப் பலரும் அறியச் சொல்லும் கடிதமாக மட்டும் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் தம்பி 41 வயதில் கணையப் புற்றுநோயால் இறந்தது உங்களுக்குத் தெரியும். நோய் இன்னதென்று தெரிந்த நாளிலிருந்து அடக்க ஆராதனை வரை ஏழு மாதங்கள். அந்த ஏழு மாதமும் வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாசம் இருந்தோம். உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு அடுத்த வாரம் அவனை அடக்கம் செய்தபோது, பண்டிகைக்குக் கட்டிய குருத்தோலைத் தோரணம்கூட ஆலய வாசலில் இன்னும் அவிழ்க்கப்படாமல் இருந்தது. துக்கம் விசாரிக்க வந்த வெளியூர் ஊழியர் ஒருவர், குடும்பத்தில் யாரோ ஒருவருக்கு விசுவாசம் குறைவுபட்டதனால்தான் அற்புதம் தடைபட்டது என்று சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டுப் போனார். அவர் யாரை மனத்தில் வைத்துச் சொன்னாரோ தெரியாது. நான் என்னைத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

இருபத்திரண்டு ஆண்டுகள் ஞாயிறு பள்ளியில் பாடம் சொன்னவன் நான். யவீருவின் மகளையும், நாயீன் ஊர் விதவையின் மகனையும், லாசருவையும் ஆண்டவர் சாவிலிருந்து எழுப்பிய கதைகளைக் கரும்பலகையில் படம் வரைந்து சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். தம்பியின் அடக்கத்துக்குப் பின் மூன்றாம் ஞாயிறு, நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுந்து, “சார், உங்க தம்பியை ஏன் எழுப்பலை?” என்று கேட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை, பாடத்தில் ஐயம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். அன்று பாடத்தை அத்துடன் முடித்து, பிள்ளைகளைப் பத்து நிமிடம் முன்னதாகவே அனுப்பிவிட்டேன்.

கடவுள் இல்லை என்று நான் முடிவுகட்டவில்லை. அவ்வளவு தெளிவு எனக்கு எந்தப் பக்கமும் வாய்க்கவில்லை. இருக்கிறார், ஆனால் நாம் பேசுவது அவருக்குக் கேட்கிறதா என்பதே என் சந்தேகம். அதன்மேல் கவலை வந்து ஏறிக்கொண்டது. தம்பி வாகனத்துக்கென்று வாங்கியிருந்த கடன், அவனுடைய இரண்டு பெண்பிள்ளைகளின் படிப்பு, தாயாரின் மாத்திரைச் செலவு எல்லாமாகச் சேர்ந்து, இரவு இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டினால் விடியும்வரை வட்டிக் கணக்குத்தான். விடிந்ததும் வேதப்புத்தகத்தை எடுத்துப் பழகிய கை கைபேசியை எடுக்கத் தொடங்கியது. அதிலும் வேதாகமச் செயலி இருக்கிறதே என்பது என் சாக்கு. செயலியைத் திறக்குமுன் வாட்ஸ்அப்பில் ரோஜாப் பூவின்மீதும் சூரிய உதயத்தின்மீதும் எழுதிய வாக்குத்தத்த வசனங்கள் முப்பது வந்து காத்திருக்கும். முப்பதையும் படிக்காமல் தள்ளிவிட்டு, துருப்பிடித்த பழைய மோட்டார் சைக்கிளை யாரோ ஒருவர் பிரித்துப் பூட்டுகிற காணொளியை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டவே தெரியாது.

விதைக்கிறவன் உவமையில், முள்ளுள்ள இடத்தில் விழுந்த விதையை உலகக் கவலை ‘நெருக்கிப்போடுகிறது’ என்று ஆண்டவர் சொல்கிறார். எங்கள் பக்கத்து உடைமரக் காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருத்தம் விளங்கும். முள் செடியைப் பிடுங்கி எறிவதில்லை. வெளிச்சத்தையும் தண்ணீரையும் தான் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். செடி நின்ற இடத்திலேயே நின்று வெளிறும். நானும் ஆலயத்தில் வழக்கமான இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தேன். மெஞ்ஞானபுரத்துக்குப் பேருந்தில் போகும்போதெல்லாம் தூய பவுல் ஆலயத்தின் 192 அடிக் கோபுரம் தொலைவிலேயே கண்ணில் படும். சிறு வயதில் அதைக் கண்டதும் தானாகத் தலை தாழும். அந்த நாட்களில் நான் எதிர்ப்பக்கத்துச் சன்னலோரம் இடம் தேடி உட்கார்ந்தேன்.

இதில் ஒன்றையும் எவரிடமும் சொல்லவில்லை. ஞாயிறு பள்ளி ஆசிரியனுக்கே சந்தேகம் என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? நாம் அன்றாடம் சொல்லுகிற அந்த ‘நாலு பேர்’ தமிழில் இரண்டு வேலை செய்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது நம்மைக் குறை பேசவும், செத்தபின் தூக்கிக்கொண்டு போகவும். மாற்கு சுவிசேஷம் இரண்டாம் அதிகாரத்தில் மூன்றாவது வேலை செய்யும் நாலு பேர் வருகிறார்கள். கப்பர்நகூம் ஊரில் கைகால் முடங்கிய திமிர்வாதக்காரன் ஒருவனைப் படுக்கையோடு சுமந்து வந்து, கூட்டத்தினால் இயேசு இருந்த வீட்டுக்குள் நுழைய முடியாமல், கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். படுத்துக்கிடந்தவன் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டதாகக் கதையில் இல்லை. ‘இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு’ என்றுதான் மாற்கு எழுதுகிறார். பலமுறை பாடமாகச் சொல்லியும் ‘அவர்கள்’ என்ற அந்தச் சொல் என் கண்ணில் பட்டதில்லை. இந்த மடல் அந்த ‘அவர்களுக்கு’.

முதலில் ஓய்வுபெற்ற உபதேசியார் ஐயா அவர்களுக்கு. தம்பி இறந்த ஆண்டில், சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகைக்கு முந்தின இரவு, ஆலயத்தின் பின்புறம் பந்தலில் நாற்பது பேருக்குமேல் உட்கார்ந்து காய் வெட்டிக்கொண்டிருந்தோம். எனக்கும் ஐயாவுக்கும் கத்தரிக்காய்ப் பங்கு. வெட்டியதை உடனுக்குடன் அண்டாத் தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும். நான் வெட்டியதைப் பலகைமேலேயே விட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தேன்போலும்; ஐயா என் பலகையை இழுத்து, கறுத்த துண்டுகளை விலக்காமல் அப்படியே தண்ணீருக்குள் தள்ளினார். பின்பு அரிவாள்மனையிலிருந்து கண்ணெடுக்காமல், வேதத்தில் விடியாத சங்கீதம் ஒன்று இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். வேதப் பாடல்களான சங்கீதங்களில் 88ஆவதை அவர் சொன்னார். முறையிடத் தொடங்கும் மற்றச் சங்கீதங்கள் பெரும்பாலும் துதியில் போய் முடியும். இது முடியாது. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று, தனிமையிலேயே நின்றுவிடுகிறது. இருந்தும் இதைத் தொகுத்தவர்கள் நீக்கவில்லை, இரண்டு நல்ல வரி சேர்த்து ஒட்டவும் இல்லை. இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன் என்று ஆரம்பிக்கிறதல்லவா, கூப்பிடுகிறவனுக்கு அந்தக் கூப்பாடு போதும் என்று விட்டுவிட்டார்கள் என்றார் ஐயா.

150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். ‘தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ?’ என்று 77ஆம் சங்கீதம் வெளிப்படையாகவே கேட்கிறது. நாம் வாக்குத்தத்த அட்டையில் அச்சடிப்பதெல்லாம் மற்ற இரண்டு பங்கிலிருந்து என்பதை அன்றைக்கு வீடு திரும்பிப் புரட்டிப் பார்த்தபோது கவனித்தேன். மறுநாள் அசனச் சாப்பாட்டில் அந்தக் கறுத்த கத்தரிக்காயும் கிடந்திருக்கும். யாரும் குறை சொன்னதாகக் கேள்விப்படவில்லை.

குருவானவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றால், அவர் எனக்குப் பிரசங்கம் செய்யாததற்காகத்தான் முதலில் சொல்ல வேண்டும். சபையார் ஒன்றாகத் தங்கள் நம்பிக்கையை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது என் உதடு அசையாததைப் பீடத்திலிருந்தே கண்டிருக்கிறார். ஒரு மாலை வீட்டுக்கு வந்து, ‘விசுவாசிக்கிறேன்’ என்று சொல்ல வாய் வரவில்லையென்றால் பரவாயில்லை என்று சொன்னார். 325ஆம் ஆண்டு நிசேயா சங்கத்தில் கூடிய ஆயர்கள் தங்கள் விசுவாசப் பிரமாணத்தில் கிரேக்க மொழியில் எழுதியது ‘விசுவாசிக்கிறோம்’ என்பதாம். “உம்மால் முடிகிற நாளில் எங்களுக்காகவும் சேர்த்துச் சொல்லும். முடியாத நாளில் உமக்காகவும் சேர்த்து நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்” என்றார். ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளாக இருக்கிற ஒரு பன்மை விகுதி எனக்கு இப்படி உதவும் என்று எதிர்பார்த்ததில்லை.

மருத்துவமனையில் தம்பியைக் கவனித்த கத்தோலிக்கச் சகோதரி, அன்னை தெரேசாவைப் பற்றிச் சொன்னதும் நினைவில் இருக்கிறது. 1997இல் அவர் மறைந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2007இல், அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் புத்தகமாக வெளிவந்தன. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கடவுளின் பிரசன்னத்தை உணராமலேயே அவர் ஊழியம் செய்தார் என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அவர் பட்டதற்கு முன்னால் என்னுடையது ஒன்றுமில்லை. ஆனாலும் விசுவாசம் என்ற சொல்லை நாம் நன்றி மறவாத நாய்க்கும், முதலாளியை விட்டுப் போகாத வேலைக்காரனுக்கும்கூடச் சொல்லுகிறோம் என்பதை அன்றுதான் யோசித்தேன். மனத்தில் தோன்றுகிற உறுதி மட்டுமல்ல அது. விட்டுப் போகாமல் இருப்பதும் அதே சொல்தான்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கு எழுத வந்தால் சொற்கள் சுருங்கிவிடுகின்றன. ஒவ்வொரு வேளையும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து, அதைச் சேர்த்து விற்ற பணத்தில் தம்பியின் மூத்த மகளுக்கு முதல் ஆண்டு விடுதிக் கட்டணத்தைக் கட்டினீர்கள். ரசீது என் கையில் இருக்கிறது. கட்டியவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் என் பெயரையே எழுதிவைத்திருக்கிறீர்கள்.

என் மனைவி தனக்கு நன்றி சொல்வதை விரும்பமாட்டாள். இருந்தும் இரண்டு காரியங்களைச் சொல்லியாக வேண்டும். பதினொரு மாதங்கள் குடும்ப ஜெபத்தை அவளே நடத்தினாள். நான் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருப்பேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை, எனக்குக் கேட்கும்படியாக என் மனந்திரும்புதலுக்கென்று ஜெபித்ததுமில்லை; அப்படிக் குத்தலாக ஜெபிப்பது நம் வீடுகளில் ஒரு கலையாகவே வளர்ந்திருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டாவது, திருச்செந்தூரில் 180 ரூபாய்க்கு மணியடிக்கும் கடிகாரம் ஒன்றை வாங்கி வந்து என் தலைமாட்டில் வைத்துவிட்டு, கைபேசியை இரவில் அடுப்படியில் அரிசிப் பானைக்கு மேல் வைத்தாள். காலையில் அதை எடுக்க அடுப்படிக்குப் போக வேண்டும், அங்கே அவள் இருப்பாள், வெறுங்கையோடு திரும்பிவருவேன். கவனச்சிதறலைப் பற்றி நான் கேட்ட எத்தனையோ செய்திகளைவிட அந்த அரிசிப் பானை எனக்கு அதிகம் பயன்பட்டது.

அலுவலக நண்பர் ஒருவரையும் இங்கே சொல்கிறேன். முருக பக்தர், ஆண்டுதோறும் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருப்பவர். ஆராதனைக்குப் போவதை நான் நிறுத்திவிடப் பார்க்கிறேன் என்று எப்படியோ கண்டுகொண்டு, ஒரு ஞாயிறு காலை தம்முடைய வண்டியோடு வாசலில் வந்து நின்றார். விரதம் இருக்கிற ஆறு நாளும் சாமிமேலேயா மனசு இருக்கும் அண்ணாச்சி, கால் முதலில் போகும், மனசு பின்னால் வந்து சேரும் என்றார். என்னை இறக்கிவிட்டு, திருவிருந்து ஆராதனை முடியும்வரை வேப்பமரத்தடியில் வண்டிமேல் உட்கார்ந்திருந்தார். கூரையைப் பிரித்த நாலு பேரும் எந்தச் சபையார் என்று மாற்கு எழுதவில்லை.

ஒரு ஆண்டு கழித்து உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு, மரபுப்படி, ஆண்டவர் உயிர்த்தெழுந்ததைக் கண்டாலொழிய நம்பமாட்டேன் என்ற சீஷர் தோமாவின் பகுதி வாசிக்கப்பட்டது. அவரைச் சந்தேகப் பேர்வழி என்றே சொல்லிப் பழகிய நாம், ‘அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம் வாருங்கள்’ என்று முன்பே சொன்னவரும் அவர்தான் என்பதை மறந்துவிடுகிறோம். அந்த ஞாயிறு என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வசனம்: எட்டு நாளைக்குப்பின் சீஷர்கள் வீட்டுக்குள்ளே இருந்தார்கள், ‘தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்’. நம்பாதவனை அந்த எட்டு நாளும் அவர்கள் வெளியே அனுப்பவில்லை, அவனும் போகவில்லை. நீங்கள் எனக்குக் கொடுத்தது எட்டு நாள் அல்ல, ஏறத்தாழ ஓராண்டு.

அதற்குப் பிறகு ஞாயிறு பள்ளிக்குத் திரும்பினேன். முன்பு கேள்வி கேட்ட பிள்ளை இப்போது ஐந்தாம் வகுப்பு. உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்பாகச் சொன்னேன். “சரி சார்” என்றாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ லாசரு மறுபடியும் செத்துட்டாரா சார்?” என்று கேட்டாள். ஆமாம், அவரும் இன்னொரு முறை இறந்துதான் இருப்பார் என்றேன். அவருடைய அக்காமார் பாவம் என்றாள். மார்த்தாளும் மரியாளும் இரண்டாம் முறை அழுதிருப்பார்கள் என்று இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்கும் என் நன்றி.

சந்தேகம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. கடனில் இன்னும் பதினான்கு தவணைகள் இருக்கின்றன, இரவு விழிப்பும் சில நாள் வருகிறது. தம்பியின் அடக்கத்தில் பாடிய கீர்த்தனையை இன்றுவரை என்னால் பாட முடியவில்லை. முதல் அடி வந்ததும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அது தெரிந்து, எனக்கு முன்வரிசையில் இருக்கிறவர்கள் சில ஞாயிறுகளாகக் குரலைத் தாழ்த்திப் பாடுகிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். உரக்கவே பாடுங்கள்.

ஆண்டவரின் பணியில்,
உங்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியன்