நோட்டை விட்டுவிட்டுப் போன பாப்பாவின் அப்பாவுக்கு

அன்புள்ள ஐயா,

போன மாதம் பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி, மகளையும் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரியில் அனிமேஷன் சொல்லிக்கொடுக்கும் எங்கள் கல்லூரிக்கு வந்தீர்கள். பதிவேட்டில் பெயரும் ஊரும் எழுதினீர்கள், போன் நம்பர் எழுதவில்லை. அதனால்தான் இதை ஊரறிய எழுதுகிறேன். தக்காளி மண்டியில் யாராவது படித்துவிட்டு உங்களிடம் சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

பத்து நிமிஷம் சுற்றிப் பார்த்தீர்கள். மாடியில் நாலு அறை, ஒரு லேப், மூன்று வருஷத்துப் பிள்ளைகளையும் சேர்த்தால் அறுபது பேர். "இவ்வளவுதானா காலேஜ்?" என்றீர்கள். அப்புறம் மூன்று கேள்வி கேட்டீர்கள். ஆளில்லாத அறையில் கம்ப்யூட்டர் ஏன் ஓடுகிறது, டிகிரி செல்லுமா, இந்த அனிமேஷன் வேலை நிலைக்குமா. அட்மிஷன் நேரத்துக் கூட்டத்தில் மூன்றுக்கும் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

முதலில் அந்தக் கம்ப்யூட்டர். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 தனித்தனிப் படங்கள் ஓடும். பிள்ளைகள் உருவாக்கிய காட்சியில் வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே விழும் என்று கணக்குப் போட்டு ஒவ்வொரு படத்தையும் கம்ப்யூட்டர் வரைந்து முடிப்பதை ரெண்டரிங் என்போம். ஒரு படத்துக்கு 5 நிமிஷம் என்று வையுங்கள். 10 நொடிக் காட்சிக்கு 240 படம், 1,200 நிமிஷம், அதாவது 20 மணி நேரம். இரண்டாம் வருஷப் பையன் ஒருவன் முந்தின நாள் சாயங்காலம் போட்டுவிட்டுப் போனது நீங்கள் வந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது.

டிகிரி விஷயத்தில் நீங்கள் கேட்டது மிகச் சரி. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பட்டம் தருவது பல்கலைக்கழகம், பாடம் நடத்துவது கல்லூரி. எங்கள் படிப்பும் அப்படித்தான். வேறு இடத்தில் சேர்த்தாலும், அந்தப் படிப்பின் பெயர் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பிசிஏ என்கிற கம்ப்யூட்டர் பட்டப் படிப்பு என்றால், 2024-25 முதல் தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ-யின் அனுமதியும் வேண்டும். வெறும் டிப்ளமோவை டிகிரி மாதிரி பேசி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பணம் கட்டிவிட்டுப் பிறகு அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல் நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

வேலை நிலைக்குமா என்பதுதான் கஷ்டமான கேள்வி. நிலைக்கும் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் நம்பாதீர்கள், நான் கொடுத்தாலும் நம்பாதீர்கள். 2013-இல் ரிதம் அண்ட் ஹ்யூஸ் என்ற அமெரிக்க ஸ்டுடியோ, கம்ப்யூட்டரில் ஒரு புலியை உயிரோடு நடமாட வைத்ததற்காக ஆஸ்கர் வாங்கியது. அதே மாதம் திவால் மனுவும் போட்டது. 2025 பிப்ரவரியில், சினிமாவுக்கு கிராபிக்ஸ் செய்து கொடுத்த டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரிலேயே ஏராளமானவர்கள் வேலையில்லாமல் நின்றார்கள். இதற்குள் இருக்கும் ஒரு காரணம் உங்களுக்கு உடனே புரியும். ஸ்டுடியோ முன்கூட்டியே ஒரு விலை பேசி வேலை எடுக்கிறது. நடுவில் படக்காரர்கள் மாற்றிக்கொண்டே போனால் கூடுகிற செலவு ஸ்டுடியோ தலையில். விலையைப் பேசிவிட்டுத் தக்காளி பறிக்கும்போது கூலி ஏறினால் யார் தலையில் விழும்?

அப்படி மூடும்போதெல்லாம் ஒரு மென்பொருளில் ஒரே வேலையை மட்டும் பழகியவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். கையால் வரையவும், கொஞ்சம் புரோகிராம் எழுதவும் தெரிந்தவர்களுக்கு வேறு வாசல் இருக்கிறது. வண்டியும் கடிகாரமும் செய்கிற ஓசூரில் பொருளை வரைந்து காட்ட ஆள் வேண்டும். அதனால்தான் எங்களிடம் ஓவியம் படிக்கிற பிள்ளை கோடிங்கும் படிக்கிறது.

சிறிய கல்லூரி என்பதும் உங்களுக்குக் குறையாகப் பட்டது. ஹென்றி காக்ஸ்வெல் என்ற பல் மருத்துவர் 1887-இல் சான்பிரான்சிஸ்கோவில் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளி தொடங்கினார். அது காலத்துக்கேற்பப் பாடத்தையும் இடத்தையும் மாற்றிக்கொண்டு, அனிமேஷனும் பொறியியலும் ஒரே கூரையில் நடக்கும் சின்னக் கல்லூரியாக சிலிக்கான் பள்ளத்தாக்கில் 130 வருஷம் தாண்டியும் நின்றது. அந்த ஊரும் பணமும் வேறு, நாங்கள் வேறு. ஆனால் இருபது பேர் உட்காருகிற வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் நோட்டையும் நான் தினமும் புரட்ட முடிகிறது. பெரிய வளாகத்தில் வேலை பார்த்தபோது எனக்கு அது கிடைக்கவில்லை.

உங்கள் மகள் நோட்டை என் மேசையில் விட்டுவிட்டுப் போனாள். கணக்கு நோட்டு. அதன் ஓரங்களில் மாடு படுத்திருந்து எழுவதை ஆறு படமாகப் போட்டிருக்கிறாள். முதலில் பின்பக்கம் தூக்குகிறது, முன்னங்கால் இன்னும் மண்டியிட்டபடி இருக்கிறது, அப்புறம்தான் தலை நிமிர்கிறது. குதிரை இப்படி எழாது, அதற்கு முன்னங்கால் முதலில். இந்த வித்தியாசத்தை முதல் வருஷத்தில் வாரக்கணக்கில் சொல்லிக்கொடுக்கிறேன். அவள் உங்கள் கொட்டகையில் பார்த்தே வைத்திருக்கிறாள். கேட்டதும் படம் போட்டுக் கொடுக்கிற ஏஐ வந்துவிட்டதே என்றும் நீங்கள் சொன்னீர்கள். அது போட்ட மாடு தப்பாக எழுந்தால், தப்பு என்று சொல்ல இந்தக் கண்தான் வேண்டும்.

நம் மாவட்டங்களில் இந்தக் கண்ணுக்கு வேலை குவிந்து கிடக்கிறது. மாடு மீட்கப் போய் இறந்தவனுக்கு வைத்த நடுகற்கள் எத்தனை! மழையில் தேய்ந்து, எழுத்துகூடத் தெரியாமல் நிற்கின்றன. போன வருஷம் பிள்ளைகள் வயலில் நிற்கும் ஒரு கல்லைச் சுற்றி வந்து, ஒன்றின்மேல் ஒன்று படிகிற மாதிரி நூற்றுக்கும் மேற்பட்ட போட்டோ எடுத்தார்கள். நிழல் விழாத மேகமூட்டமான நாளாகப் பார்த்து எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் அவற்றைக் கோத்து முப்பரிமாணக் கல்லாக்கித் தந்தது. கம்ப்யூட்டருக்குள்ளேயே வேண்டிய பக்கத்திலிருந்து, சாய்வாக, விளக்கைத் திருப்பினோம். நேரில் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து மேலெழுந்து வந்தது. அந்த வகுப்பில் யாரும் பேசவில்லை.

எங்களிடம் சேர்க்காவிட்டாலும் சரி, பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளை வீட்டில் போட்டுக் கொடுங்கள். முழுக்க இலவசம். 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படத்தை அதில்தான் செய்தார்கள். வேறு கல்லூரி பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்கிற நேரத்தில் பாதியையாவது அங்கே பிள்ளைகள் செய்த வேலையைப் பார்க்கச் செலவிடுங்கள். கடைசி வருஷப் பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள்.

நோட்டு பத்திரமாக இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு கன்றுக்குட்டியைப் பாதி வரைந்து நிறுத்தியிருக்கிறாள், பின்னங்கால் இன்னும் போடவில்லை. ஒரு சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஃபீஸ் பேச்சு எடுக்க மாட்டேன். வர முடியாவிட்டால், பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் உங்களுக்குத் தெரிந்த கடை எது என்று சொல்லி அனுப்புங்கள், கொடுத்தனுப்புகிறேன்.