ஆசிரியரின் குடிநோய்: மெமோவுக்கு முன் மருத்துவம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்கலையை அடுத்த ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். வெவ்வேறு பள்ளிகளில் வேலை பார்த்தாலும் மாலையில் ஒரே பேருந்தைப் பிடிக்கும் ஆசிரியர்கள் சிலர் மேட்டுக்கடை நிறுத்தத்தில் நாள்தோறும் சந்தித்துக்கொள்வது வழக்கம். அந்த வட்டத்தில் நிகழ்ந்த ஒன்றை, உரியவரின் ஒப்புதலோடு, அவரை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்து எழுதுகிறேன்.

பேருந்து வரும்வரை நாங்கள் பேசுவதெல்லாம் பள்ளிக்கூடக் கவலைகள்தாம். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகையைப் பதிவதற்குள் முதல் பாடவேளையில் பாதி போய்விடுகிறது. எட்டாம் வகுப்புவரை தடையின்றி வந்துவிட்ட பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் ஒரு பத்தியை வாசிக்கத் திணறுகிறது. தேர்ச்சி விழுக்காட்டு ஆய்வுக் கூட்டத்திலோ அந்தப் பிள்ளைக்காக ஆசிரியரை எல்லோர் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்துகிறார்கள். பெற்றோரை அழைத்துப் பேசலாம் என்றால், விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் தகப்பனுக்கும் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, போகும் தாய்க்கும் அன்றைய கூலி போய்விடுமே என்ற தயக்கம் நமக்கே வருகிறது. பணி ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் பணியில் தொடர வேண்டுமானால் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இருபது ஆண்டுகள் பாடம் நடத்தியவர்கள் கலங்கிப்போனார்கள். அப்போது எங்களுள் இளையவரான ஒரு சார் தம் பழைய குறிப்புகளைப் பிரதியெடுத்துக் கொடுத்து, குழந்தை உளவியல் பாடத்தைப் பேருந்திலேயே மற்றவர்களுக்கு விளக்கினார். இப்படி ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வது எங்களுக்குப் புதிதன்று.

ஆனால் ஒரு மாலை, எங்களில் மூத்தவரான கணித ஆசிரியர் பேசியது வேறு வகையானது. சில மாதங்களாகவே அவர் கரும்பலகையில் எழுதுவதை நிறுத்தி, சுண்ணக்கட்டியை மாணவர் ஒருவரிடம் கொடுத்து, தாம் சொல்லச் சொல்ல எழுதவைத்து வந்தார். பிள்ளைகளைப் பழக்குவதற்காக என்றே எல்லோரும் எண்ணியிருந்தோம். அன்று அவர், "டீச்சர், யாரும் நடுவுல பேசாம கேளுங்க. காலையில குடிக்காம எனக்குக் கை நிக்க மாட்டேங்குது. அதனாலதான் போர்டு பக்கமே போறதில்ல" என்றார். நான்கு பேருந்துகளை விட்டுவிட்டு அங்கேயே நின்றோம்.

"அண்ணே, நாளையிலிருந்தே விட்டுருங்க, நாங்க இருக்கோம்" என்று இளைய சார் சொன்னது முழுக்க அன்பினால்தான். எனினும் எங்களில் ஒருவரின் தங்கை செவிலியர் என்பதால் அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். அவர் சொன்னதை ஒவ்வோர் ஆசிரியரும், ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். நீண்ட காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதைத் தொடர்ந்து சித்தம் தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் நிலையும் ஏற்படலாம். சில வேளைகளில் இது உயிருக்கே ஆபத்தாக முடியும் என்பதால், மருத்துவர் கண்காணிப்பில், நடுக்கத்தைத் தணிக்கும் மருந்துகளோடும் தயமின் என்னும் உயிர்ச்சத்தோடும்தான் நிறுத்த வேண்டும். குடியை விடுவது மன உறுதியால் மட்டும் முடிகிற காரியம் என்று நாம் நம்பிவருவது எவ்வளவு ஆபத்தானது என்பதை அன்றுதான் உணர்ந்தோம். மறுநாள் இருவர் அவரோடு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றார்கள்.

அவருடைய பெரிய அச்சம் மருத்துவமனையைப் பற்றியதன்று. "விஷயம் ஆபீசுக்குத் தெரிஞ்சா 17(பி) வந்துரும், பென்ஷன்வரைக்கும் போயிரும்" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். 17(பி) என்பது அரசு ஊழியருக்குப் பெரிய தண்டனைவரை கொண்டுபோகக்கூடிய ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை. குடித்த நிலையில் ஓர் ஆசிரியர் வகுப்பில் நிற்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பிள்ளைகளின் பாதுகாப்பே முதலாவது. ஆனால் பிடிபடுமுன் தாமாகவே முன்வந்து, "எனக்கு இந்த நோய் இருக்கிறது, சிகிச்சை வேண்டும்" என்று சொல்பவரையும், குடித்துவிட்டுப் பிடிபட்டவரையும் ஒரே விதியால் அளந்தால், எவரும் முன்வர மாட்டார்கள்; ஒளித்துக் குடித்துக்கொண்டே பாடம் நடத்துவார்கள். பாதிப்பு பிள்ளைகளுக்குத்தான். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தால் ஏற்படும் மனநலக் கோளாறுகளையும் தன் வரையறைக்குள் சேர்த்து, சிகிச்சை பெறுவோரின் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையையும் வழங்கியிருக்கிறது. 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தானே நடத்திவரும் அரசுக்கு, அந்த மதுவால் நோயுற்ற தன் ஊழியரைக் குணப்படுத்தும் கடமை கூடுதலாகவே உண்டு என்று கருதுகிறேன்.

எனவே நம் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரும் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களும் இணைந்து ஒரு வழிமுறையை வகுக்க வேண்டுகிறேன். தாமாக முன்வரும் ஆசிரியருக்கு மருத்துவ விடுப்பு கிடைக்க வேண்டும்; அவர் எதற்காக விடுப்பெடுத்தார் என்பது பள்ளிக்குள் பேச்சாகக் கூடாது; சிகிச்சையைத் தொடரும்வரை, அவர் சொன்ன உண்மையே அவர்மீதான குற்றச்சாட்டாக மாறக் கூடாது.

சக ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. குடித்திருப்பவரின் வகுப்பை ஓசைப்படாமல் நாமே எடுத்துக்கொள்வதும், தலைமை ஆசிரியரிடம் "காய்ச்சல்" என்று சொல்லிவைப்பதும், மாதக் கடைசியில் கடன் கொடுப்பதும் நட்பு என்று பலர் நினைக்கிறோம். அவை நோயை நீட்டிக்கவே செய்யும். மருத்துவமனைக்கு உடன் செல்வதும், வீட்டில் இருக்கும் அக்காவிடம், அதாவது அவர் மனைவியிடம், அவருடைய இசைவோடு உண்மையைப் பேசுவதும், இடையில் ஒருமுறை அவர் தவறிவிட்டால் ஏளனம் செய்யாமல் மீண்டும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும்தான் பயன் தரும். மீண்டும் தவறுவது இந்நோயில் எதிர்பார்க்கப்பட வேண்டிய ஒன்று. குடியிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை. குடியை விடவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அங்கு தகுதி. இடமாறுதலுக்கும் ஓய்வூதியத்துக்கும் குரல் கொடுக்கும் நம் சங்கங்கள், தங்கள் வட்டாரக் கூட்டங்களில் இதற்கும் அரை மணி நேரம் ஒதுக்கி, மனநல மருத்துவர் ஒருவரை அழைத்துப் பேசவைக்கலாம்.

டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண்ணான 14416, போதை மீட்புக்கான தேசிய உதவி எண்ணான 14446 ஆகிய இரண்டையும் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், பேருந்து நேரம் போடும் இடத்துக்கு அருகிலேனும், நாள்தோறும் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பட்டதாரி ஆசிரியை,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.