செருப்பு கழன்ற கதை

சிவகாசி,
பங்குனி 3

அன்புள்ள செல்வராஜ்,

உன் கவர் வந்தது. மகளுக்கு வரன் குதிர்ந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். தேதி வைத்ததும் முதலில் எனக்குச் சொல், பத்திரிகை இங்கேதான் அடிக்க வேண்டும். வேறு எங்காவது கொடுத்தாயானால் கல்யாணத்துக்கு வர மாட்டேன்.

கூட வைத்திருந்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் ஜெராக்ஸையும் படித்தேன். "உனக்கு முதுகில் செய்த அதே துளை ஆபரேஷனை நானும் செய்துகொள்ளட்டுமா, மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாமே" என்று கேட்டிருக்கிறாய். நான் டாக்டர் இல்லை. ஆனால் உன் வலி வேறு, என் வலி வேறு என்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரிகிறது. நீ அப்போது சீசன் வேலையில் இருந்ததால் என் கதையை அரைகுறையாகத்தான் கேட்டாய். இப்போது முழுதும் எழுதுகிறேன்.

ஆடிப்பெருக்கு முடிந்து காலண்டர் ஆர்டர் குவிகிற நேரம். ஆள் வரவில்லை என்று நானே ஒரு ரீம் காகிதக் கட்டைக் குனிந்து தூக்கினேன். இடுப்பில் சுரீர் என்றது. இரண்டு நாளில் இடுப்பு சரியாகிவிட்டது, நானும் மறந்துவிட்டேன். அப்புறம்தான் அது காலுக்கு இறங்கியது. இடது பிட்டத்தில் தொடங்கி, தொடை வழியாக, ஆடுசதையின் வெளிப்பக்கம் ஓடி, பாதத்தின் மேல்புறம் கட்டைவிரல் வரைக்கும் மின்சாரம் பாய்வது போல ஒரே கோடு. தும்மினால் உயிர் போகும். உட்கார முடியாது. நின்றுகொண்டே சாப்பிட்டேன், கணக்கும் நின்றுகொண்டே எழுதினேன். ராத்திரி தரையில் படுத்து, காலை நாற்காலி மேல் தூக்கிப் போட்டால் கொஞ்சம் கண் அசரும்.

இங்கே முதலில் பார்த்தவர் ஒரு மாதம் படுக்கையை விட்டு எழுந்திருக்காதே என்றார். பத்து நாள் படுத்ததில் இருந்த தெம்பும் போனது. பிறகு மதுரைக்குப் போனேன். அந்த டாக்டர் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கால் மடங்காமல் இடது காலைத் தூக்கினார். ஒரு சாண் எழும்புவதற்குள் கத்திவிட்டேன். ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்துக் காட்டினார். முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே இருக்கிற டிஸ்க்கைப் பூரணக் கொழுக்கட்டை என்று வைத்துக்கொள். மேல்மாவு கெட்டியான நார், உள்ளே கொழகொழப்பு. நாலாவது ஐந்தாவது கட்டைக்கு இடையில் எனக்கு மாவு கிழிந்து பூரணம் வெளியே வந்து, காலுக்குப் போகிற நரம்பின் மேல் உட்கார்ந்துவிட்டது. நோய் இடுப்பில், வலி காலில்.

உடனே ஆபரேஷன் என்பார் என்று நினைத்தேன். காத்திருக்கலாம் என்றார். வெளியே வந்த துண்டை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுமாம். நெதர்லாந்தில் 283 பேரை வைத்து நடத்திய ஒரு சோதனையைச் சொன்னார், 2007இல் வெளிவந்தது. எல்லோரும் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடுமையான கால் வலியோடு இருந்தவர்கள். பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன், மீதிப் பேருக்கு மாத்திரையும் பொறுமையும். பொறுமை காத்தவர்களிலும் பத்துக்கு நாலு பேர் தாங்க முடியாமல் பிறகு செய்துகொண்டார்கள். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தேறியிருந்தார்கள். சீக்கிரம் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது, அதுதான் லாபம்.

சரி என்று மாத்திரை, பிசியோதெரபி, நரம்புப் பக்கத்தில் ஓர் ஊசி. ஊசி போட்டதும் இரண்டு வாரம் சுகம். ஒன்பதாவது வாரம் பஜாரில் நடந்து வருகிறேன், பின்னால் ஒரு பையன் "ஐயா, செருப்பு!" என்று கத்துகிறான். திரும்பிப் பார்த்தால் என் இடது செருப்பு பத்தடி பின்னால் கிடக்கிறது. கழன்றதே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தேன், எழும்பவில்லை. வலிக்குப் பயப்படாதவன் அன்றைக்குப் பயந்தேன். போனில் சொன்னதும் டாக்டர், "இனிமேல் காத்திருக்க வேண்டாம், வாருங்கள்" என்றார்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு செய்தார்கள். முழு மயக்கம், குப்புறப் படுக்கை. மயக்கம் கொடுப்பதற்கு முன் பார்த்தேன், வயிறு அழுந்தாமல் தொங்குகிற மாதிரி ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். வயிறு அழுந்தினால் உள்ளே ரத்தக் கசிவு கூடுமாம். எக்ஸ்ரேயில் இடத்தைக் குறித்துக்கொண்டு, நடு முதுகுக்குக் கொஞ்சம் தள்ளி இரண்டு சென்டிமீட்டர் கீறல். அதற்குள் ஒரு மெல்லிய குழாய், அதன் மேல் அதைவிடப் பெரியது, அதன் மேல் இன்னொன்று. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றன் மேல் ஒன்றாகக் கவிழ்ப்போமே, அப்படி. தசையை வெட்டாமல் விலக்கிக்கொண்டே போகிறார்கள். கடைசிக் குழாயின் அகலம் 18 மில்லிமீட்டர். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி எலும்பில் கொஞ்சம் தேய்த்து, மஞ்சள் நிறத் தசைநார் ஒன்றை விலக்கி, நரம்பை ஒதுக்கி, பிதுங்கிய துண்டை மட்டும் எடுக்கிறார்கள். டிஸ்க் முழுவதையும் எடுப்பதில்லை.

இந்தக் குழாய் முறை அமெரிக்காவில் 1997இல் வந்ததாம். நாம் இரண்டு பேரும் சேர்ந்து கடன் வாங்கி அந்தப் பழைய ஆஃப்செட் மெஷினை இறக்கினோமே, அதே வருடம். அந்த மெஷின் பேரீச்சம்பழத்துக்குப் போய்விட்டது, இது நிலைத்துவிட்டது.

மயக்கம் தெளிந்ததும் முதலில் காலைத்தான் தேடினேன். அந்த மின்சாரம் இல்லை. சாயங்காலம் நடக்க வைத்தார்கள். எடுத்த துண்டைச் சின்ன பாட்டிலில் காட்டினார்கள், முற்றின இளநீர் வழுக்கை கிழிந்த மாதிரி இருந்தது. இதற்கா இரண்டு மாதம் அழுதோம் என்று என் வீட்டுக்காரி சிரித்துவிட்டாள்.

துளை சின்னது என்பதால் ஆபரேஷனும் சின்னது என்று நினைத்துவிடாதே. மதுரையில் வேறோர் இடத்தில் லேசர், தழும்பே இருக்காது என்று கூடுதல் பணம் கேட்டார்கள். என் டாக்டரிடம் சொன்னேன். "தழும்பைப் பார்க்கப் போவது உங்கள் மனைவி மட்டும்தானே" என்றார். குழாய் வழியாகச் செய்வதையும் மைக்ராஸ்கோப் வைத்து வழக்கமாகத் திறந்து செய்வதையும் ஒப்பிட்டு, அதே நெதர்லாந்துக்காரர்கள் 328 பேரிடம் பார்த்து 2009இல் எழுதினார்களாம். குழாய் எந்த வகையிலும் மேல் இல்லை, வலிக் கணக்கில் ஒரு மயிரிழை பின்தங்கியே இருந்தது. அப்புறம் ஏன் குழாயில் செய்கிறீர்கள் என்றேன். "என் கை இதில் பழகியிருக்கிறது" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. கட்டைவிரல் எழும்ப மூன்று மாதம் ஆனது. பாதத்தின் மேல் இன்னும் ஒரு மரத்த திட்டு இருக்கிறது. அதே இடத்தில் மறுபடியும் பிதுங்கலாம், நூற்றில் ஐந்து, பத்துப் பேருக்கு அப்படி ஆகிறதாம். ரீம் தூக்குவதை விட்டுவிட்டேன். இடுப்பு வலி? அது இருக்கத்தான் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர் கறாராகச் சொன்னார்: "இது உங்கள் காலுக்கு. இடுப்புக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்."

உன் கடிதத்தில் கால் என்ற வார்த்தையே இல்லை, செல்வராஜ். கட்டிங் டேபிள் முன்னால் ஏழெட்டு மணி நேரம் நின்றால் இடுப்பு பிடிக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தேவலை என்கிறாய். ரிப்போர்ட்டில் "டிஸ்க் பல்ஜ்", அதாவது டிஸ்க் கொஞ்சம் உப்பியிருக்கிறது என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயந்துவிட்டாய். வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த ஸ்கேன்களை மூவாயிரத்துக்கு மேல் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது, என் மகள் தேடிக் கொடுத்தாள். ஐம்பது வயதில் நூற்றுக்கு அறுபது பேருக்கு இந்தப் பல்ஜ் இருக்கிறது. இருபது வயதிலேயே முப்பது பேருக்கு. நமக்கு ஐம்பத்தாறு ஆகிறது, தலை நரைத்ததற்கு ஆபரேஷன் செய்துகொண்டோமா? உன் ஸ்கேனில் நரம்பு அழுந்தியதாக எனக்குத் தெரிந்து எங்கும் எழுதவில்லை. விடுதலை செய்ய நரம்பு இல்லாத இடத்தில் குழாயை விட்டு எதை எடுப்பார்கள்? இன்னொரு டாக்டரிடம் காட்டு. ரிப்போர்ட்டை மட்டும் நீட்டாதே, பிலிமையும் கொண்டுபோ, உன்னைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்க்கிறாரா என்று கவனி.

ஒன்றில் மட்டும் விளையாடாதே. சிறுநீர் கழிக்க முடியாமல் போனால், அடியில் உட்காரும் இடம் மரத்தால், இரண்டு காலும் சோர்ந்தால், அன்று ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. விடியட்டும் என்று இருக்காதே.

இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு வேலை செய். கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை குதிகாலால் நட, திரும்பி வரும்போது முன்பாதத்தால் நட. ஏதாவது ஒரு பக்கம் தொய்கிறதா என்று உன் மனைவியைப் பார்க்கச் சொல். என்ன ஆனது என்று எழுது. போனில் வேண்டாம், போனில் நீ எப்போதும் நன்றாகத்தான் இருப்பாய். முடிந்தால் பதிலை அவர்களே எழுதட்டும்.

உன்,
மாரிமுத்து