மண்டபத்தின் சாவியைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்

நம் ஊர் ஆலய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

ஆலயத்தின் பின்புற மண்டபத்தில் அகதிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்த அனுமதி கேட்டு நான் கொடுத்த கடிதத்தைச் சென்ற மாதக் கூட்டத்தில் நிராகரித்துவிட்டீர்கள். "நமக்கெதற்கு இந்த வம்பு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் ஆமோதித்ததாகக் கேள்விப்பட்டேன். அந்த முடிவை மாற்றச் சொல்லிக் கேட்கவே, ஊரார் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். உங்களில் சிலருக்குக் கைபிடித்து எழுத்து கற்றுக்கொடுத்தவள் நான். அந்த உரிமையில் கொஞ்சம் அழுத்தமாகவே பேசுவேன்.

நான் யாருக்காகக் கேட்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். பழைய கடைவீதியின் மாடி அறைகளிலும், செம்பனை ஆலைக்குப் போகும் சாலையோரப் பலகை வீடுகளிலும் ஏழு குடும்பங்கள் இருக்கின்றன. ஐந்து குடும்பங்கள் 2009இல் போர் முடிந்தபின் இலங்கையின் வன்னியிலிருந்து வந்த தமிழர்கள். இரண்டு குடும்பங்கள் மியன்மாரிலிருந்து வந்த ரோஹிங்கிய முஸ்லிம்கள். பள்ளி வயதில் 14 பிள்ளைகள். அவர்களில் பெரும்பாலோர் இந்த மலேசிய மண்ணிலேயே பிறந்தவர்கள்.

சென்ற திருவிழாவுக்கு முந்தைய இரவு தேர்ச் சக்கரம் பிளந்துவிட்டது. ஈப்போவிலிருந்து ஆள் வர இரண்டு நாளாகும் என்று நீங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, உளியும் கொட்டாப்புளியுமாக வந்து உட்கார்ந்தவர் யார்? முல்லைத்தீவில் தச்சுப் பட்டறை வைத்திருந்து, இன்று நம் ஊரில் செம்பனைக் குலை வெட்டும் அந்த மனிதர்தான். விடியும்வரை வேலை செய்தார், கூலி வாங்க மறுத்தார். மறுநாள் மேடையில் அவருக்குத் துண்டு போர்த்தி மாலை போட்டீர்கள். அவருடைய மகளுக்கு ஒன்பது வயது. நான் சொன்ன 14 பேரில் அவளும் ஒருத்தி.

அவளுக்கு எண்கள் வாசிக்கத் தெரியும். ஒருநாள் என் வீட்டு நாட்காட்டியில் தேதியை மளமளவென்று படித்ததைப் பார்த்து, யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன். அம்மாவின் ஐ.நா. அகதி அட்டையைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டதாகச் சொன்னாள். அட்டை காலாவதியாகும் தேதியை அவள் மனப்பாடமாகச் சொன்னாள். அந்தத் தேதி நெருங்கினால் அப்பா வேலைக்குப் போகும் பாதையை மாற்றிக்கொள்வார் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. நாட்காட்டியில் தேதிக்குக் கீழே இருந்த திருக்குறளை மட்டும் அவளால் வாசிக்க முடியவில்லை.

நம் நாடு 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. குடிநுழைவுச் சட்டத்தின் கண்ணில் அகதியும் சட்டவிரோதக் குடியேறியும் ஒன்றுதான். ஐ.நா. அகதிகள் ஆணையம் 1975 முதல் இங்கே செயல்படுகிறது. ஆனால் அது தரும் அட்டையை வைத்து முறையாக வேலை செய்ய முடியாது. அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவருக்கான கட்டணத்தில் பாதி குறையும், அவ்வளவே. 2003இல் தொடக்கக் கல்வி கட்டாயமானபோதும் அது குடிமக்களின் பிள்ளைகளுக்கென்றே வந்தது. இந்தப் பிள்ளைகளை நம் தமிழ்ப்பள்ளி சேர்த்துக்கொள்ள முடியாததற்குத் தலைமையாசிரியரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கை கட்டப்பட்டிருக்கிறது. உங்கள் கையை யாரும் கட்டவில்லை.

நம் தமிழ்ப்பள்ளி எப்படித் தொடங்கியது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ரப்பர் தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று ஆங்கிலேயர் காலத் தொழிலாளர் சட்டம் சொன்னது. துரைமார் சட்டத்துக்காக நடத்தினார்கள். தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையின் ஒரு மூலையிலும் கோயில் திண்ணையிலும் வகுப்பு நடந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, கணக்கெழுதும் கிராணியோ வாத்தியாரானார். மணலைப் பரப்பி விரலால் எழுதினார்கள். பிள்ளைகளிடம் யாரும் பத்திரம் கேட்கவில்லை, தலையை எண்ணினார்கள். இன்று நம் ஊரில் பத்துக்கும் மேல் பிள்ளைகள் இருக்கிறார்கள். துரை கொடுத்த இடத்தைக்கூட நாம் கொடுக்க மாட்டோமா?

பத்திரம் இல்லாமல் வாழ்வது என்னவென்று நமக்குத் தெரியாததா? என் அம்மா தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலேயே பிறந்தவர். பிறப்பைப் பதிய அன்று யாரும் பட்டணத்துக்குப் போகவில்லை. 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுக்க வேண்டும் என்றானபோது, எங்கள் வரிசையிலிருந்தே சில குடும்பங்கள் கப்பலேறி, தாங்கள் பார்த்தே இராத தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போயின. அம்மா தங்கிவிட்டார். இடுப்பொடிய ரப்பர் பால் வெட்டினார். தேர்தல் நாளில் எங்களுக்கு நல்ல சட்டை போட்டுவிட்டு, அப்பாவோடு வாக்குச்சாவடிவரை அனுப்பிவிட்டுத் தான் வீட்டிலேயே இருந்துகொள்வார். குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடுதான் காலமானார். இந்த ஊரில் இப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இல்லாத வீட்டை எனக்குக் காட்டுங்கள்.

போலீசும் குடிநுழைவுத் துறையும் வந்து நின்றால் என்ன செய்வது என்ற உங்கள் அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. பதிவுபெற்ற ஆலயம், சொத்து, பெயர் எல்லாம் உங்கள் பொறுப்பில் இருக்கின்றன. அதனால்தான் ஒளிந்து நடத்த வேண்டாம் என்கிறேன். நாடு முழுவதும் அகதிப் பிள்ளைகளுக்கென்று நூற்றுக்கும் மேற்பட்ட கல்வி மையங்கள் நடக்கின்றன. மாவட்டக் காவல் நிலையத்துக்கும் கல்வி அலுவலகத்துக்கும் முன்கூட்டியே கடிதம் கொடுப்போம். நானே எடுத்துப் போகிறேன். பெற்றோரின் ஐ.நா. அட்டை நகல்கள் ஒரு கோப்பில் இருக்கும். இரவில் யாரும் தங்க மாட்டார்கள்.

ரோஹிங்கியப் பிள்ளைகள் கோயிலுக்குள் எப்படி வருவார்கள் என்றும் கேட்டீர்களாம். அந்தப் பிள்ளைகளின் தாய் ஒருவரிடம் நானே பேசினேன். மண்டபத்துக்குத் தனி வாசல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். கார் நிறுத்துமிடப் பக்கமாக இருக்கிறது என்றேன். பிள்ளைகளை அனுப்புகிறேன் என்றார்.

இவர்கள் என்றைக்கிருந்தாலும் வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள், எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்ற பேச்சும் என் காதுக்கு வந்தது. மூன்றாம் நாட்டுக்குப் போகக் காத்திருந்தே பத்தாண்டுகளைக் கழித்தவர்கள் இந்த ஏழு குடும்பங்களில் இருக்கிறார்கள். தச்சரின் மகளும் அப்படிப் பத்தாண்டு காத்திருந்தால் அவளுக்கு அதற்குள் 19 வயதாகிவிடும்.

நான் கேட்பது இவ்வளவுதான். திங்கள் முதல் வியாழன்வரை மாலை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை மண்டபம் வேண்டும். அந்த நேரத்தில் அங்கே நாற்காலிகள் மட்டும்தான் அடுக்கியிருக்கின்றன. தமிழும் கணக்கும் நான் நடத்துகிறேன். மலாய் நடத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மின்கட்டணத்தை என் ஓய்வூதியத்திலிருந்து கட்டிவிடுகிறேன். திருமணமோ கருமாதியோ வந்தால் அன்று வகுப்பு இல்லை. மூன்று மாதம் நடத்திப் பாருங்கள், சரிப்படவில்லை என்றால் சாவியைத் திரும்பக் கொடுத்துவிடுகிறேன்.

பங்குனி உத்திரத்துக்கு முன் உங்கள் அடுத்த கூட்டம் இருக்கிறது. எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். தச்சரையும் அவர் மகளையும் அழைத்து வருகிறேன். மறுப்பதாக இருந்தால், அந்தப் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு அவளிடமே சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை