ஏப்ரல் 11க்கும் 20க்கும் நடுவே ஒரு கப்பல்

காவேரிப்பட்டணம்
29-3-2026

அன்புள்ள கண்ணு,

உங்கள் கப்பல் சுற்றுலா டிக்கெட் வந்தது, பார்த்தேன். 12ஆம் தேதி சிங்கப்பூரில் ஏறி, 13 பினாங்கு, 14 புக்கெட், 15 முழுக்கக் கடல், 16 காலை இறங்குகிறீர்கள். உன் கம்பெனி ஜிஎஸ்டியில் விற்பனை விவரம் தருகிற ஜிஎஸ்டிஆர்-1க்குக் கடைசி நாள் ஏப்ரல் 11, வரி கட்டுகிற 3பிக்கு ஏப்ரல் 20. இரண்டுக்கும் நடுவில் பார்த்துத்தான் தேதி போட்டிருக்கிறாய். ஆனால் 15ஐ மறந்துவிட்டாய். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் அதுதான் கடைசி நாள், நீ நடுக்கடலில் இருக்கும் நாள். 14 வருஷப் பிறப்பு, ஒசூரில் கம்பெனி லீவு. 11 சனி, 12 ஞாயிறு. ஆகவே உனக்கு உண்மையான கடைசி நாள் 10, வெள்ளிக்கிழமை. சலானை அன்றைக்கே கட்டி முடித்துவிடு. மார்ச் மாத டிடிஎஸ் 30 வரை பொறுக்கும், அதை இதில் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே.

"லேப்டாப் எடுத்துட்டுப் போறேன்பா, அங்கிருந்தே பார்த்துக்குவேன்" என்றாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதி காதில் விழாது.

கப்பலில் நெட் இருக்கும். மெயில் போகும், வாட்ஸ்அப் போகும். கணக்குப் பிரிவு வேலை நின்றுபோவது வேகக் குறைவால் அல்ல, ஓடிபியால். எஸ்எம்எஸ் வருவது சிம் வழியாக, டவர் வழியாக. கப்பல் வைஃபை அதைப் பெரும்பாலும் கொண்டுவராது. நீ போனை ஃப்ளைட் மோடில்தான் வைத்திருக்க வேண்டும். வைத்தால் எஸ்எம்எஸ் கிடையாது. ஃப்ளைட் மோடை எடுத்தால் என்ன ஆகும் என்கிறாயா? கரையை விட்டு விலகியதும் கப்பலுக்குள்ளேயே ஒரு சின்ன டவர் வேலை செய்ய ஆரம்பிக்கும். போனில் 'செல்லுலார் அட் சீ' மாதிரி ஒரு பெயர் தெரியும். அது சாட்டிலைட் வழியாக ஓடுகிற நெட்வொர்க். சாதாரண வெளிநாட்டு ரோமிங் பேக்கில் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து இருக்கலாம். கப்பல் டவர் பெரும்பாலும் இருக்காது. போன் உன்னைக் கேட்காமலே அதில் ஒட்டிக்கொண்டு, பின்னணியில் போட்டோ பேக்கப் ஓட்டி, பில்லை ஏற்றிவிடும். ஆகவே துறைமுகத்தை விட்டுக் கப்பல் நகரும்போதே ஃப்ளைட் மோட் போட்டு, அதற்குப் பிறகு வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய். மாப்பிள்ளை போனிலும், பாப்பா கையில் இருக்கிற டேப்லெட்டில் சிம் இருந்தால் அதிலும்.

ஓடிபிக்கு வழி: ஆபீஸ் மெயில், விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழைகிற பாதுகாப்பான வழி) இரண்டையும் எஸ்எம்எஸ்ஸிலிருந்து ஆதென்டிகேட்டர் செயலிக்கு மாற்றிவிடு. அதற்கு நெட்டே வேண்டாம். க்யூஆர் ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசிய எண் போனில் பதிந்துவிடுகிறது. அதையும் அந்த நேரத்து மணியையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, 30 விநாடிக்கு ஒருமுறை ஆறு இலக்கம் காட்டும். அங்கே சர்வரும் அதே கணக்கைப் போடுகிறது. இரண்டும் பொருந்தினால் உள்ளே விடும்.

இதில் கப்பலுக்கே உரிய ஒரு வினை உண்டு. ஃப்ளைட் மோடில் டவர் இல்லாததால் போன் மணியைத் தானாக மாற்றாமல் இந்திய நேரத்திலேயே நிற்கலாம். சாப்பாட்டு நேரம் தவறுகிறதே என்று செட்டிங்ஸில் போய் முள்ளை நகர்த்துகிற மாதிரி இரண்டரை மணி நேரம் கூட்டிவைப்பாய். நேர மண்டலம் இந்தியா என்றே இருக்கும், மணி மட்டும் கூடியிருக்கும். போன் அப்போது உலக நேரத்தையே தப்பாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். வருகிற ஒவ்வொரு ஆறு இலக்கமும் தப்பு. நாலைந்து முறை தப்பாகப் போட்டால் கணக்கு பூட்டிக்கொள்ளும். மணியைத் தொடாதே, நேர மண்டலத்தை மட்டும் சிங்கப்பூர் என்று மாற்று. கடிகாரம் சரியாகக் காட்டும், குறியீடும் சரியாக வரும்.

போன் நீச்சல் குளத்தில் விழுந்தால் செயலியும் சேர்ந்துதான் போகும். கூகுள் கணக்குக்கு மாற்றுக் குறியீடுகள் தருவார்கள்: பத்து எண், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். அதைத் தாளில் அச்சடித்து பாஸ்போர்ட் பையில் வை. போட்டோ எடுத்து அதே போனில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், என்ன சொல்ல.

பேங்க் ஓடிபியைப் பெரும்பாலும் இப்படி மாற்ற முடியாது. பணம் விடுவிக்கிற அனுமதியை அந்த ஐந்து நாளும் வேறொருவர் பெயருக்கு முறையாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போவது முறையல்ல. தணிக்கையில் உன் பெயர்தான் நிற்கும். அரசு தளங்கள், பேங்க் தளங்கள் சில வெளிநாட்டு இணைப்பில் திறக்கவே திறக்காது. அதனால் 3பி வேலையைக் கப்பலில் தொடலாம் என்று நினைக்காதே. கணக்கு மென்பொருளான டேலியின் டேட்டாவையும் எக்செல்லையும் லேப்டாப்பிலேயே இறக்கிக்கொண்டு போனால், நெட் இல்லாமலே ஒத்துப்பார்த்து வைக்கலாம். அது கப்பலுக்கு ஏற்ற வேலை.

சிம்மைக் கழற்றாதே. வெளியூர் சிம் போடுவதற்காக நம் சிம்மை எடுத்தால் யுபிஐ செயலி மறுபடி பதிவு செய்யச் சொல்லும், அதற்கு நம் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும். கரையில் நெட் வேண்டுமென்றால் இ-சிம் (அட்டை இல்லாமல் போனிலேயே பதிகிற சிம்) வாங்கிக்கொள். நம் சிம் உள்ளேயே இருக்கட்டும். அதில் வெளிநாட்டு ரோமிங்கை மட்டும் இங்கேயே திறந்து வைத்துவிட்டுப் போ. பினாங்கில் இறங்கியதும் ஃப்ளைட் மோடை எடுத்தால், ஏதாவது ஓடிபி வேண்டியிருந்தால் அங்கே வாங்கிக்கொள்ளலாம். பெரிய ஃபைல் அனுப்புவதையும் அந்த நேரத்துக்கே வை.

இனி வைஃபை பேக். மலிவான பேக்கில் வாட்ஸ்அப், மெயில் அளவுக்குத்தான் விடுவார்கள். வீடியோ காலும் விபிஎன்னும் பெரும்பாலும் மேல் பேக்கில்தான். வாங்குமுன் 'விபிஎன் ஓடுமா' என்று எழுத்தில் கேள். கப்பல் ஏறுவதற்கு முன்பே ஆன்லைனில் வாங்கினால் விலை குறைவாக இருப்பதுதான் வழக்கம். ஒரு கருவிக்கு ஒரு பேக். ஆனால் போனில் லாக்அவுட் செய்துவிட்டு லேப்டாப்பில் லாகின் செய்தால் அதே பேக் போதும். மூன்று பேருக்கு மூன்று வாங்காதே. கப்பல் கம்பெனியின் சொந்தச் செயலி பெரும்பாலும் பேக் இல்லாமலே உள் வைஃபையில் ஓடும். அதை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு போ.

லாகின் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் மூன்று காரணம்தான். ஆபீஸ் லேப்டாப்பில் விபிஎன் தானாக ஓடிக்கொண்டிருக்கும். அதை நிறுத்தி, கப்பல் வைஃபையில் லாகின் செய்து, அதற்கப்புறம் விபிஎன் போட வேண்டும். ஆண்ட்ராய்டு போன் செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்' ஆனில் இருந்தால் அணைத்துவிடு. மூன்றாவது, போன் தன் வைஃபை முகவரியை மாற்றி மாற்றிக் காட்டுகிற வசதி. கப்பல் உன்னைப் புதுக் கருவி என்று நினைத்து மறுபடி காசு கேட்கும். அந்த வைஃபைக்கு மட்டும் 'போனின் முகவரி' என்று மாற்றி வை.

கப்பலிலிருந்து போகிற இணைப்பு எந்த நாட்டில் வெளியே வருமென்று சொல்ல முடியாது, அமெரிக்கா என்றும் காட்டும், ஐரோப்பா என்றும் காட்டும். நேற்று ஒசூரில் இருந்தவள் இன்று வேறு கண்டத்திலிருந்து நுழைகிறாளே என்று ஆபீஸ் பாதுகாப்பு அமைப்பு கணக்கைப் பூட்டிவிடும். திறக்க ஐடி ஆளிடம் பேச வேண்டும், அதற்கு நெட் வேண்டும். தேதிகளை முன்கூட்டியே ஐடிக்கு மெயிலில் எழுதி, லேப்டாப்பை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகிற அனுமதியையும் அதே மெயிலில் வாங்கிவிடு.

வீடியோ காலைப் பற்றி. கப்பல் உச்சியில் வெள்ளைப் பந்துகள் மாதிரி நிற்கும், அதற்குள்தான் டிஷ். பழைய வகை சாட்டிலைட் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது. நீ சொல்வது மேலே போய்க் கீழே வந்து, பதில் மறுபடி மேலே போய்க் கீழே வர வேண்டும். நாலு தரம் அந்தத் தூரம், ஒளி வேகத்திலேயே கிட்டத்தட்ட அரை விநாடி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவது அதனால்தான். ஸ்டார்லிங்க் சாட்டிலைட் சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் ஓடுவதால் அந்தத் தாமதம் தெரியாது. 2022லிருந்து ராயல் கரீபியன், கார்னிவல் போன்ற பெரிய கம்பெனிகள் அதை மாட்ட ஆரம்பித்தன. உங்கள் கப்பலில் எது என்று பார்த்துக்கொள். எதுவானாலும் மழைக்குத் தப்பாது. ஏப்ரலில் அந்தப் பக்கம் மதியத்துக்கு மேல் இடி மழை அடிக்கும். கனத்த மழைத் துளி அந்த அலைவரிசையை உறிஞ்சிவிடும். பத்து, பதினைந்து நிமிடம் இணைப்பு படுத்துப் பிறகு எழும். செட்டிங்ஸை நோண்டாமல் காபி குடித்துவிட்டு வா.

கேமராவை அணைத்தே பேசு. குரல் மட்டும் என்றால் விநாடிக்கு 80 கிலோபிட், மணிக்கு 36 எம்பி. வீடியோ 1 மெகாபிட் என்று வைத்தாலும் மணிக்கு 450 எம்பி. விண்டோஸில் அந்த வைஃபையை 'மீட்டர்டு' (அளந்து பயன்படுத்துகிற இணைப்பு) என்று குறித்துவிட்டால் அப்டேட் பெரும்பாலும் இறங்காது. ஒன்டிரைவ் ஒத்திசைவையும் நிறுத்தி வை.

கேபின் சுவர் இரும்பு. ரேஷன் கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே நின்று போன் பேசுகிற கதைதான். வைஃபை பெட்டி பெரும்பாலும் நடைபாதைக் கூரையில் இருக்கும், அதனால் கதவுப் பக்கம் சிக்னல் நன்றாகவும் பால்கனியில் மோசமாகவும் இருக்கும். கடலைப் பார்த்துக்கொண்டே மீட்டிங் என்ற ஆசையை விட்டுவிடு.

பிளக்கைப் பற்றி எழுதினால் நிறுத்தமாட்டேன் என்பாய், ஆனாலும் இது முக்கியம். நம் மூன்று முள் லேப்டாப் பிளக் அங்கே பெரும்பாலும் நுழையாது. அமெரிக்கத் தட்டை முள்ளுக்கும் ஐரோப்பிய உருண்டை முள்ளுக்குமான துளைகள்தான் பெரும்பாலும் இருக்கும். ஒரு அடாப்டர் போதும். சர்ஜ் புரொடெக்டர் (திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கிற பாகம்) வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோகாதே, ஏறும்போதே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். அதில் காரணம் இருக்கிறது: வீட்டில் நியூட்ரலை எர்த்தோடு கட்டியிருப்போம், கப்பலில் பெரும்பாலும் அப்படிக் கட்டுவதில்லை, இரண்டு கம்பியும் உயிரோடு இருக்கும். வீட்டுக் கணக்கில் செய்த சர்ஜ் பாகம் அங்கே சூடாகி எரியலாம். கப்பலில் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் தீ. சொந்த வைஃபை ரூட்டரையும் பல கம்பெனிகள் விடுவதில்லை. பவர் பேங்க் 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட் அவர், விமானத்தில் 100 வரை கைப்பையில் விடுவார்கள், பெட்டியில் போடக்கூடாது. லேப்டாப்பும் கைப்பையில்தான். கப்பலில் கொடுக்கும் பெட்டி கேபினுக்கு வந்துசேர ராத்திரி ஆகிவிடும்.

எப்போது வேலை பார்ப்பது? கப்பல் நேரம் காலை 11.30, நமக்கு 9 மணி. ஆபீஸ் திறந்திருக்கும், மழை வரும் நேரத்துக்கும் முன்பு. ஒரு மணி நேரம், அவ்வளவுதான். "தினமும் காலை 9 முதல் 10 வரை மட்டும் மெயில் பார்ப்பேன், பணம் சம்பந்தமாக இன்னாரைக் கேளுங்கள்" என்று தானியங்கிப் பதிலில் எழுதிவிடு. 'அவ்வப்போது பார்ப்பேன்' என்று எழுதினால் நாள் முழுக்கப் பார்க்கத்தான் வேண்டியிருக்கும். அனுப்ப மட்டும் வேண்டியவை இருந்தால் விடியற்காலை 6 மணிக்கு அனுப்பு. அப்போது கப்பலில் பாதிப் பேர் தூங்குவார்கள், நெட் காலியாக இருக்கும்.

புக்கெட்டில் மட்டும் ஒரு எச்சரிக்கை. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். நேர மண்டலம் தானியங்கியில் இருந்தால், கரையில் ஃப்ளைட் மோடை எடுத்ததும் போன் அந்த நேரத்துக்குத் தாவிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தால், '5 மணிக்குள் ஏற வேண்டும்' என்பது உன் போனில் 4 மணி. இறங்கும்போது வாசலில் எழுதியிருக்கும் கப்பல் நேரத்தை மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்தில் வைக்கச் சொல். அவர் கட்டுவது முள் கடிகாரம்தானே.

அம்மா நிப்பட்டு தட்டப் போகிறாள். வீட்டுப் பலகாரத்தைப் பல கப்பலில் விடுவதில்லை, கடையில் சீல் போட்ட பாக்கெட் என்றால் பெரும்பாலும் விடுவார்கள். அவளிடம் நீயே சொல்லிவிடு, என்னால் முடியாது.

8ஆம் தேதி புதன் சாயங்காலம் வீட்டில் ஒரு ஒத்திகை பார். போனை ஃப்ளைட் மோடில் போட்டு, வீட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்து, ஒரு மணி நேரம் ஆபீஸ் வேலை முழுவதையும் அதிலேயே செய். எது எஸ்எம்எஸ் கேட்டு நிற்கிறதோ, அதைத் தாளில் எழுதிக்கொண்டே வா. வியாழன், வெள்ளி இரண்டு நாளில் அந்தத் தாளில் இருப்பதை ஒவ்வொன்றாக முடித்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை அனுப்பு.

அன்புடன்,
அப்பா